ஒரு தலைக்கு ஒரு பாதி

என் கடையில் முழு பிளேடு யார் முகத்திலும் படாது. காலையில் கடையைத் திறந்ததும் உறையோடு சேர்த்து மடக்கி ஒடித்து, பாதிப் பாதியாக ஒரு தகர டப்பாவில் போட்டு வைப்பேன். ஒரு தலைக்கு ஒரு பாதி. வந்தவர் எழுந்து போனதும் அந்தப் பாதி, பிளேடு நுழைய மூடியில் கீறல் போட்ட பழைய மாத்திரை பாட்டிலுக்குள் போய்விடும். இருபத்திரண்டு வருடமாக இதில் நான் பிசகியதில்லை. எனக்கு முன்கோபம், வாயும் நீளம், எல்லாம் உண்மைதான். ஆனால் என் கடையில் தலையைக் கொடுத்தவன் எவனும் சொறி சிரங்கு வந்து திரும்பி வந்ததில்லை.

அதனால் டப்பாவில் ஒரு பாதி குறைந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் இருபது பாதி போட்டேன், பதினேழு பேருக்குப் பார்த்தேன், மிச்சம் இரண்டுதான் இருந்தது. எண்ணத் துப்பில்லையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். அடுத்த வாரம் இரண்டு குறைந்தது. சீப்பை விட்டு, கத்தரியை விட்டு, பாதி பிளேடைத் திருடுகிற பைத்தியக்காரன் யார்? கடைக்கு மேலே மாடியில்தான் எங்கள் வீடு. உள்படிக்கட்டு வழியாக இறங்கி வந்து போகிற ஒரே ஆள் என் மகள்.

அவளுக்குப் பதினாறு வயது. நன்றாகத்தான் இருந்தாள் ஒரு வருடம் முன்பு வரை. அப்புறம் என்ன பிடித்ததோ, முடிக்குக் கறுப்புச் சாயம், அதையும் முன்னால் இழுத்து ஒரு கண்ணை மூடிவிட்டாள். திறந்திருக்கிற கண்ணைச் சுற்றி அடுப்புக் கரியை அப்பின மாதிரி மை. கறுப்பு நகம், காலோடு ஒட்டின கறுப்புப் பேன்ட், கட்டம் போட்ட பெல்ட், பையில் மண்டை ஓடு பேட்ஜ். இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட உறை. வெயில் கொளுத்தினாலும் அதைக் கழற்ற மாட்டாள். காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்கிற பாட்டுக்குள் எவனோ தொண்டை கிழியக் கத்துவது எனக்குப் படிக்கட்டு வரை கேட்கும்.

"என்ன பாப்பா இது? யார் வீட்டுல எழவு?" என்று கேட்டேன் முதல் நாள்.

"இது ஈமோப்பா. இந்தப் பாட்டுக் கேக்குறவங்க ஸ்டைல்."

அவளுடைய சிநேகிதி ஒருத்தி. முடியில் ஊதாப் பட்டை, ரோஸ் பட்டை, தலை நிறையப் பூச்சி கிளிப். நான் அவளுக்கு ஊதா என்றே பெயர் வைத்துவிட்டேன். "இவளும் ஈமோவா?" என்றேன்.

"ஐயோ, அவ சீன் கிட். கலர் கலரா போடுறவங்க. ரெண்டும் வேற வேறப்பா."

"சீனா? அதான் பாத்தாலே தெரியுதே."

இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. அன்றைக்கு எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஒரு மாதம் கழித்து அந்த ஊதா கடைக்கே வந்து, போனில் ஒரு படத்தைக் காட்டி, "அங்கிள், எனக்கும் இந்த மாதிரி வெட்டி விடுறீங்களா?" என்று கேட்டபோது எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். "இந்தக் கூத்துக்கெல்லாம் என் கடையில இடமில்ல. என் கத்தி இந்த மாதிரி தலையைத் தொடாது, போ!" என்று கத்தினேன். படிக்கட்டில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். மேலே ஏறிப் போய்விட்டாள்.

பிளேடு காணாமல் போக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஆனால் இதை அதோடு முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நான் ஏன் இதைச் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறேன்?

என் மண்டைக்குள் வேறு ஒன்றைப் போட்டவர் இன்சூரன்ஸ்காரர். வாரம் இரண்டு தரம் சவரத்துக்கு வருவார். உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. அன்றைக்கு முகம் முழுக்க நுரையோடு ஆரம்பித்தார்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. உங்க பொண்ணு போட்டிருக்காளே கையில, கோடு கோடா. அது எதுக்குன்னு தெரியுமா?"

"எதுக்கு சார்?"

"இந்தக் கோலம் போடுற பிள்ளைங்க எல்லாத்துக்கும் ஒரு பழக்கம். கையை அறுத்துக்கும். தழும்பு தெரியக் கூடாதுன்னுதான் அந்த உறை. எனக்கு ஒரு வீடியோ வந்துச்சு, அனுப்பி விடுறேன்."

என் கை அவர் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"தம்பி, கத்தியை எடுத்துட்டு யோசிங்க" என்றார்.

உறை, பாதி பிளேடு. இரண்டும் என் மண்டைக்குள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. அன்று மீதி வேலையை எப்படிச் செய்தேன் என்று தெரியாது.

சாப்பிடும்போது அவள் கையையே பார்த்தேன். உறையைச் சற்று மேலே இழுத்துவிட்டு, சோற்றைப் பிசைந்தாள். "கையைக் காட்டு பாப்பா" என்றேன்.

"ஏன், என் கை என்ன பொருட்காட்சியா?"

"காட்டுன்னா காட்டேன்!"

தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். "வயசுப் பொண்ணு, சாப்பிடுற நேரத்துல ஏங்க வம்பிழுக்கிறீங்க?" என்றாள் என் மனைவி. அவள் சூப்பர் மார்க்கெட்டில் ஷிஃப்டு வேலை பார்க்கிறவள், நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள். அவளிடம் எதைச் சொல்வது? சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு பயம். சமையலறைக் கத்தியை மட்டும் எடுத்துக் கீழே கடையில் ஒளித்து வைத்தேன். மறுநாள், "வெங்காயத்தைக் கடிச்சுத்தான் நறுக்கணுமா?" என்று மனைவி சத்தம் போட்டாள். தகர டப்பாவை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

மகள் பள்ளிக்கூடம் போயிருந்தபோது அவள் கட்டிலுக்கு அடியில் தேடினேன். மைக்குச்சி, சாயக் குப்பி, பூச்சி கிளிப் எல்லாம் கிடந்த அட்டைப்பெட்டியில் ஒரு மாத்திரை பாட்டில் இருந்தது. மூடியில் கீறல். என் வழக்கப்படியே செய்திருந்தாள். ஆட்டினேன், உள்ளே கலகலவென்றது. தரையில் கொட்டி எண்ணினேன். பயன்படுத்தின பாதிகள், ஒன்பது. ஒன்றிரண்டில் சின்னச் சின்ன முடித்தூள் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கண்ணால் பார்த்தேன், மனசில் ஏறவில்லை. ஒன்பது தடவை, ஒன்பது தடவை என்றுதான் உள்ளே அடித்துக்கொண்டது. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

கடையில் காணாமல் போனது பத்து. இங்கே ஒன்பது. ஒன்று இன்னும் அவளிடம் இருக்கிறது.

பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். கேட்கப் போய் அவள் பயந்து ஏதாவது செய்துகொண்டால்? கோபத்தில் நான் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாதே. ஆறு நாள் அவள் பின்னாலேயே சுற்றினேன். குளியலறையில் இரண்டு நிமிடம் கூடுதலாக இருந்தால் வாசலில் நின்று இருமுவேன். தூக்கம் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை, அன்றைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. மத்தியானம், மனைவி வேலைக்குப் போயிருந்தாள். நான் கடையில் கத்தரிகளுக்கு எண்ணெய் போட்டுவிட்டு மேலே வந்தேன். குளியலறைக் கதவு தாழ் போட்டிருந்தது. உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"பாப்பா, கதவைத் திற."

"அஞ்சு நிமிஷம்ப்பா."

"இப்பவே திற!"

"இருங்கப்பா, பாதியில இருக்கேன்!"

உள்ளே இரும்பு ஒன்று பீங்கானில் உரசும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், கத்தியைக் கிண்ணத்தில் வைக்கும்போது தினம் கேட்கிற சத்தம். அந்தத் தாழ்ப்பாள் நானே குட்டைத் திருகாணி போட்டு மாட்டியது, நிற்காது என்றும் தெரியும். தோளைக் கொடுத்து ஒரே இடி.

கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் ஊதா உட்கார்ந்திருந்தாள், கழுத்தைச் சுற்றித் துண்டு. என் மகள் இடது கையால் அவள் முன்முடியை இழுத்துப் பிடித்திருந்தாள். வலது கையில் சவரக் கத்தி. நான் இடித்த கதவு என் மகளுடைய வலது முழங்கையில் போய் மோதியது. கத்தி முடியை விட்டு அவள் இடது கைக்கு வந்தது. உறையின் வெள்ளைக் கோடெல்லாம் சிவப்பாகிக்கொண்டே போனது.

"அப்பா" என்றாள். கத்தக்கூட இல்லை.

துண்டைப் பிடுங்கிச் சுற்றினேன். கீழே விழுந்த கத்தி, கீல் உடைந்துபோனதென்று நான் குப்பையில் போட்ட என் பழைய கத்தி. கீலில் நூலைச் சுற்றி இறுக்கி, அந்தப் பத்தாவது பாதியை மாட்டியிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியில் அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். அவள் முன்முடி என் கைக்குப் பக்கத்தில் கிடந்தது. ஒரு வருடத்தில் அன்றுதான் அதைப் பார்த்தேன். நுனி மெலிந்து, ஒன்றின் மேல் ஒன்று படிந்து விழுந்திருந்தது. கத்தரி போட்டால் நுனி மொட்டையாக நிற்கும். பாதி பிளேடைச் சாய்த்துப் பிடித்து இழுத்தால் மட்டும்தான் இப்படி விழும். புதிதாக வேலைக்கு வருகிறவன்கூட இதைத் தெருவிலிருந்தே பார்த்துச் சொல்வான். பிழைப்பே முடி வெட்டுவது, அந்த முட்டாள் தன் மகளின் உறையைப் பார்த்தான், நகத்தைப் பார்த்தான், முடியை மட்டும் பார்க்கவில்லை.

"யாரு வெட்டினது?"

"நான்தாம்ப்பா. என்னையும் சேர்த்து ஸ்கூல்ல ஒன்பது பேருக்கு வெட்டியிருக்கேன்." தோளில் சாய்ந்தபடியே சொன்னாள்: "ஒரு தலைக்கு ஒரு பாதிதாம்ப்பா. மாத்தாம யூஸ் பண்ணவே இல்ல."

எதிரில் ஊதா, ஒரு பக்கம் வெட்டினதும் ஒரு பக்கம் வெட்டாததுமாகத் தேம்பிக்கொண்டிருந்தாள். அவளை ஆஸ்பத்திரி வாசலிலேயே வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

உள்ளே நர்ஸ் என் மகளை ஒரு பார்வை பார்த்தார். மை, நகம், மண்டை ஓடு. பார்த்ததுமே முகம் இளகிவிட்டது. உறையைக் கத்தரித்து எடுத்தார். மற்ற கையின் உறையையும் கழற்றினார். அதில் ஒரு தழும்பு இல்லை, ஒரு கீறல் இல்லை. வெயில் படாமல் வெளுத்துப்போன குழந்தைக் கை. ஏழு தையல் போட்டார்கள்.

நர்ஸ் தாளை எடுத்துக்கொண்டு என்னைத் தள்ளிக் கூட்டிப் போனார். "முதல் தடவை போல இருக்கு. தானே அறுத்துக்கிட்டதுதானே? வீட்டுல ஏதாச்சும் பிரச்சனையா?"

என் மகள் அங்கிருந்து என்னைப் பார்த்தாள். சொல் அப்பா என்கிற பார்வை. கதவை உடைத்தவன் நான் என்று சொன்னால் என்ன செய்வார்கள்? போலீசைக் கூப்பிடுவார்களா? பிள்ளையை என்னிடமிருந்து பிரித்து வைப்பார்களா? நான் வாயைத் திறக்கவில்லை. நர்ஸ் எழுதினார்.

"நான் அறுத்துக்கல" என்றாள் என் மகள். அழுத்திச் சொன்னாள், இரண்டு தடவை.

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க" என்றார் நர்ஸ் அன்பாக.

என் மனைவியை வரவழைத்து உட்கார வைத்துச் சொல்லி அனுப்பினார்கள். கதவைத் தாழ் போட விடாதீர்கள். கூரான எதையும் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். தினமும் கையைப் பாருங்கள். அவள் அப்படியே செய்தாள், அழுதுகொண்டே செய்தாள். காலையில் ஒரு தடவை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு தடவை, படுக்கப் போகும் முன் ஒரு தடவை. "கையைக் காட்டும்மா." மகள் முதல் இரண்டு நாள், "அப்பாவைக் கேளு" என்றாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மூன்றாம் நாளிலிருந்து மகள் அதையும் சொல்லவில்லை.

தையல் பிரிக்கிற அன்றைக்குத்தான் சொன்னேன். பத்தாம் நாள். மனைவியையும் வைத்துக்கொண்டு, நர்ஸிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நர்ஸ் பழைய வரியை அடித்து வேறு எழுதினார். போலீஸ் வரவில்லை. யாரும் யாரையும் பிரிக்கவில்லை. வெளியே வந்ததும் என் மனைவி, "பத்து நாளா எம்புள்ளையைத் திருடி மாதிரி சோதிச்சேனே. நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்களே!" என்று நடுத்தெருவில் வைத்துக் கேட்டாள். இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

பழைய கத்திக்குப் புதுக் கீல் போட்டு மகளிடம் கொடுத்தேன். "கடையில வந்து வெட்டு பாப்பா. ஊதாவைக் கூட்டிட்டு வா, அவ முடி பாதியில நிக்குது" என்றேன். வாங்கி என் மேஜை இழுப்பறையிலேயே வைத்துவிட்டு மேலே போய்விட்டாள். ஊதாவுக்கு யாரோ கத்தரி போட்டுவிட்டிருக்கிறார்கள், கோணலாக.

என் மகள் இப்போது உறை போடுவதில்லை. மையும் இல்லை. முன்முடியை ஒதுக்கிக் கொண்டை ஊசி குத்தியிருக்கிறாள், இரண்டு கண்ணும் தெரிகிறது. நான் எப்படி இருக்கச் சொல்லிக் கத்தினேனோ அப்படியே இருக்கிறாள்.

குளியலறைக்கு நீளத் திருகாணி போட்டு நல்ல தாழ்ப்பாளாக மாட்டிவிட்டேன். அவள் தாழ் போடுவதே இல்லை. நேற்று அவள் அறை வாசலில் போய் நின்றேன். சும்மாதான், சாப்பிடக் கூப்பிட. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் முழங்கை வரை நீட்டி, திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"வேண்டாம் பாப்பா. எதுக்குக் காட்டுற?" என்றேன்.

"பழகிடுச்சுப்பா" என்றாள்.