பதினான்காம் எண் கதவு

மழை பெய்தால் வக்கீலம்மா வீட்டு வாசற்கதவு அடம்பிடிக்கும். தோள் கொடுத்து இடித்தால்தான் திறக்கும். அண்ணனும் தங்கையும் மட்டும் இருக்கிற வீடு, ஆளுக்கொரு வேலை, இதை யார் பார்ப்பது என்று நான்கு மழைக்காலம் ஓடிவிட்டது. அன்று காலை தபால்காரர் கதவை முட்டி முட்டிப் பார்த்து, கடைசியில் கடிதத்தை ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டுப் போனதும்தான் வக்கீலம்மாவுக்கு ரோஷம் வந்தது. தச்சரை வரச் சொன்னார்.

கடிதம் கடல் கடந்த ஓர் அருங்காட்சியகத்திலிருந்து வந்திருந்தது. ஊர்ப் படகோட்டிகளின் மன்றத்தில் ஒரு காலத்தில் வெண்கல மணி ஒன்று தொங்கியது. நூற்று முப்பது வருடத்துக்கு முன்னால், வரி கட்டவில்லை என்று ஒரு துரை சிப்பாய்களோடு வந்தான். மணியையும் மற்ற பொருள்களையும் கழற்றி எடுத்துக்கொண்டு மன்றத்தைக் கொளுத்திவிட்டுப் போனான். மன்றத்தைப் பிறகு திரும்பக் கட்டிவிட்டார்கள், மணிதான் வரவில்லை. அருங்காட்சியகத்தில் அதன் கீழே 'நன்கொடை' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கொள்ளையடித்துக் கொளுத்தியதற்குப் பெயர் நன்கொடையாம், கேட்டால் வயிறு எரியாதா? அந்த மணியைத் திருப்பிக் கேட்டு, படகோட்டிகளிடம் காலணா வாங்காமல் மூன்று வருடமாக மல்லுக்கட்டுகிறவர்தான் நம் வக்கீலம்மா.

இந்த முறை அவர்கள் கொஞ்சம் இறங்கி வந்திருந்தார்கள். மணியின் புகைப்படம், துரை அன்று எடுத்த பொருள்களின் பட்டியலில் ஒரு பக்கம், நிரப்பி அனுப்ப ஒரு படிவம். மணியின் உள்விளிம்பில் வெள்ளைச் சாயத்தில் 13 என்று எழுதியிருந்தது. பட்டியலிலும் மணி பதின்மூன்றாவது. அதற்குக் கீழே, 'பதினான்கு: செதுக்கிய கதவு. அங்கேயே மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்கப்பட்டது.' எவனோ ஒரு காட்டிக்கொடுத்தவன் என்று திட்டிக்கொண்டே வக்கீலம்மா படிவத்துக்குப் போனார். கடைசிக் கேள்வி, அன்று எடுத்த வேறு பொருள் எதுவும் உங்கள் தரப்பில் யாரிடமாவது இருக்கிறதா என்பது. யோசிக்கவே இல்லை. 'இல்லை' என்று எழுதினார்.

வாசலில் தச்சர் கதவைக் கழற்றி இரண்டு ஸ்டூல் மேல் படுக்க வைத்துவிட்டு, உளியைத் தொடாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"இது இந்த வீட்டுக்குச் செஞ்ச கதவே இல்லீங்க. கீழ ஒரு சாண் அறுத்திருக்காங்க. செதுக்கியிருக்கிற துடுப்புக்காரங்க யாருக்கும் காலே இல்ல பாருங்க."

வக்கீலம்மா குனிந்து பார்த்தார். சின்ன வயதில், அந்த மர மனிதர்கள் தண்ணீருக்குள் நிற்பதால்தான் கால் தெரியவில்லை என்று அவர் நினைத்திருந்தார். அப்புறம் நினைக்கவே இல்லை. இப்போது ஆர்வம் தாங்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார், டார்ச் அடித்து ஒவ்வொரு மூலையாகத் தேடினார். கதவு நிலையில் மாட்டியிருக்கும்வரை யார் கண்ணுக்கும் படாத மேல்விளிம்பில் தூசி அப்பியிருந்தது. ஈரத் துணியால் துடைத்தார். வெள்ளைச் சாயம் தெரிந்தது. 14.

உள்ளே போய் அண்ணனைக் கேட்டார். கொள்ளுத் தாத்தா துரையிடம் பெரிய உத்தியோகம் பார்த்தாராமே, என்ன உத்தியோகம்? அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"துரை பேசறத நம்ம ஆளுங்களுக்குச் சொல்றது. நம்ம ஆளுங்க பேசறத துரைக்குச் சொல்றது. ஏன் பாப்பா?"

விஷயம் தெரிந்ததும் அண்ணன் கதவை உடனே மாட்டச் சொன்னார். 'ஆம்' என்று எழுதினால், கொள்ளைப் பொருளை வீட்டில் வைத்துக்கொண்டு எங்களிடம் நியாயம் பேசுகிறாயா என்று அவர்கள் கேட்பார்கள், அதையே சாக்காக வைத்து மணியைத் தராமல் இழுத்தடிப்பார்கள் என்றார். அது பொய்யில்லை. அதனால்தான் வக்கீலம்மாவுக்குப் பயம் வந்தது. மணி அவருடையதில்லை, அதை வைத்துச் சூதாட அவருக்கு உரிமையில்லை. படகோட்டிகள் சங்கத் தலைவருக்குப் போன் செய்தார்.

தலைவர் வந்தார். எண்ணைப் பார்த்தார், பட்டியலைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். பிறகு கதவில் துடுப்புப் போடுகிற மர மனிதர்களை ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்தார். ஒரு கோபம் இல்லை, ஒரு ஏச்சு இல்லை.

"மூணு வருஷமா இதைத் தட்டித்தானே உள்ள வந்தேன், வக்கீலம்மா."

வக்கீலம்மாவுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. உண்மையை எழுதினால் மணி வராமலே போகலாம் என்பதை மறைக்காமல் சொன்னார். தலைவர், நன்கொடை என்று அவர்கள் பொய் எழுதியதற்குத்தானே சண்டைக்குப் போனோம், நாமும் பொய் எழுத வேண்டாம் என்றார். வக்கீலம்மா படிவத்தை எடுத்து 'இல்லை'யை அடித்துவிட்டு, 'ஆம், என் வீட்டில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அண்ணனுக்குத்தான் ஆறவில்லை. "இத்தனை தலைமுறையா நம்ம வீட்ல இருக்கு. நாம என்ன திருடினோமா?"

"அருங்காட்சியகத்துக்காரங்களும் மூணு வருஷமா இதையேதான் எழுதறாங்க, அண்ணா. அவங்க வச்சிருந்தா கொள்ளை, நாம வச்சிருந்தா பரம்பரைச் சொத்தா? பறிச்ச பொருள் எத்தனை கை மாறினாலும் பறிச்ச பொருள்தான். நம்மகிட்ட இருக்கறத முதல்ல குடுத்துட்டுத்தான் அடுத்தவங்ககிட்ட போய்க் கேக்கணும்."

அண்ணன் வெறும் வாசல்நிலையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கதவின் ஒரு முனைக்குப் போனார்.

"அந்தப் பக்கம் பிடிங்க, தலைவரே. உங்க மன்றத்துக்கு நானே வந்து வச்சுட்டுப் போறேன். எங்க வீட்டு ஆளு தூக்கிட்டு வந்தது. நாங்கதான் திருப்பித் தூக்கிட்டு வந்து வைக்கணும்."