பகலில் விழுந்த புழுக்கை

ஆட்டுப் புழுக்கையால்தான் இவனுக்கு விமானம் ஏறும் யோகம் என்று எந்த ஜோசியராவது சொல்லியிருந்தால், மாணிக்கவாசகத்தின் அப்பா அவரை வாசலோடு அனுப்பியிருப்பார். ஆனால் கூடிவந்தது அப்படித்தான். தில்லியில் மத்திய அரசின் வேளாண் அலுவலகம் ஒன்றில் மாணிக்கவாசகம் தொழில்நுட்ப உதவியாளர். அதாவது, மற்றவர்கள் பறப்பதற்கு வேண்டிய அறிக்கைகளை எழுதித் தருகிறவர். இந்தத் தடவை நியூசிலாந்தில் கருத்தரங்கு. வயலுக்கு ஆட்டு எருவை அங்கே எப்படி இடுகிறார்கள், இங்கே எப்படி என்று ஒப்பிட்டு ஒரு கட்டுரை. "நம்பர் நல்லா வந்தா நீங்களும் கூட வாங்க, மாணிக் ஜி" என்று மேலதிகாரி சக்சேனா சொல்லிவிட்டார்.

அந்த நாட்டுக் கணக்கு சுலபம். ஆட்டு மயிர் கத்தரிக்கும் கொட்டகைக்கு அடியில் சேர்ந்ததை அள்ளி மூட்டை கட்டுகிறார்கள். மூட்டைக்கு எடை உண்டு. நம் பக்கம்தான் தொல்லை. அவருடைய சிவகங்கைச் சீமையில் அறுப்பு முடிந்த வயலில், ஊர் ஊராக ஆடு மேய்த்து வரும் கீதாரி கிடை போடுவார். மந்தை ராத்திரி முழுக்க வயலிலேயே அடைந்து கிடந்து, போட வேண்டியதைப் போட்டுவிட்டுக் காலையில் எழுந்து போய்விடும். அதை யார் நிறுத்துப் பார்த்தது? ஓர் ஆடு ஒரு நாளைக்கு இவ்வளவு போடும் என்று புத்தகத்தில் இருந்தது. மாணிக்கவாசகம் மந்தையின் தலையை எண்ணிப் பெருக்கி, மொத்தத்தையும் தாளிலேயே வயலில் கொட்டினார். இந்தியா ஜெயித்துவிட்டது. சக்சேனா லட்டு வரவழைத்தார்.

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் வசுமதி பக்கத்து வீட்டு சூட்கேஸை இரவல் வாங்கி வைத்தாள்.

"ஏங்க, அங்க கம்பளி சல்லிசாமே. ஒரு ஸ்வெட்டர் வாங்கியாங்க."

"எதுக்கு ஸ்வெட்டர்? ஆட்டையே புடிச்சுக்கிட்டு வாரேன்."

பக்ரீத் நெருங்கிய ஒரு காலையில், அலுவலகம் போகிற பஸ் மோதி பாக் பக்கம் நின்றுவிட்டது. சந்தைக்குப் போகும் மந்தை ஒன்று சாலையை அடைத்துக்கொண்டிருந்தது. "அரே பையா, ஜல்தி" என்று கண்டக்டர் கத்தினார். ஆடுகளுக்கு ஒரு ஜல்தியும் இல்லை. நடந்தபடியே தார்ச்சாலையில் புழுக்கை போட்டுக்கொண்டு போயின.

பார்க்கப் பார்க்க மாணிக்கவாசகத்துக்குத் தன் கணக்கின் ஓட்டை தெரிந்தது. ஆடு பகலில் மேயப் போகும். போகிற இடமெல்லாம் போடும். கிடைக்கு வந்து சேர்வது ராத்திரிச் சரக்கு மட்டும். அவரோ பகல் சரக்கையும் சேர்த்து வயலில் கொட்டியிருந்தார். கிடைக்கு நடுவில் வளர்ந்தவர், தில்லிக்கு வந்து, ஆடும் தன்னைப் போல உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காது என்று நினைத்துவிட்டார்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நியூசிலாந்துக்காரனா வந்து சிவகங்கை ஆட்டுக்குப் பின்னால் நடக்கப்போகிறான்? ஆனால் இந்த எண்ணை நம்பி நாளைக்கு ஓர் அதிகாரி, பாதிக் கிடையே போதும் என்று திட்டம் எழுதுவார். மண் அரை வயிற்றோடு கிடக்கும். மாணிக்கவாசகம் அலுப்போடு பஸ்ஸை விட்டு இறங்கி, ஆடுகளை விலக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தார்.

"சார், கணக்குல பகலைக் கழிக்கணும்."

விவரம் கேட்ட சக்சேனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அச்சா. கழிச்சா?"

"பாதிதான் நிக்கும். அவங்களுக்குக் கீழ போயிடுவோம்."

கெட்ட மனிதர் இல்லை அவர். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நிஜம்னா நிஜம்தான். திருத்திடுங்க. ஆனா இந்த நம்பரை வெச்சுக்கிட்டு ரெண்டு டிக்கெட் நான் மேல எப்படிக் கேக்கிறது, மாணிக் ஜி?"

எரு பாதியானதும் ஆளும் பாதியாகிவிட்டது. மிச்சமிருந்த பாதி சக்சேனா.

சாயங்காலம் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தபடியே மாணிக்கவாசகம் எல்லாவற்றையும் சொன்னார். வசுமதி உள்ளே போய் சூட்கேஸைத் தூக்கிவந்து கதவோரம் வைத்தாள்.

"பக்கத்து வீட்டுக்காரவுகளும் ரெண்டு தடவ கேட்டுட்டாக. குடுத்துர வேண்டியதுதான்."

"ஸ்வெட்டர்?"

"குளிர் வரட்டும். திபெத்துக்காரங்க கடையில வாங்கிக்கிடலாம். அதுவும் ஆட்டு மயிர்தான்."

ஷூவின் அடியில் காலைப் புழுக்கை காய்ந்து அப்பியிருந்தது. அவர் ஒரு குச்சியால் சுரண்டி, பால்கனியில் சவலையாக நின்ற கறிவேப்பிலைத் தொட்டியில் போட்டார்.

வசுமதி எட்டிப் பார்த்தாள். "இது ராத்திரிச் சரக்கா, பகல் சரக்கா?"

"பகல்தான்."

"அப்ப இதையும் கழிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றினாள்.