அறுபத்தொன்றாவது ஸ்லைடு

இரைப்பையிலிருந்து கிள்ளி எடுத்த சதைத் துணுக்கைப் பார்த்துப் பயாப்ஸி டாக்டர் ஒரு வரி எழுதிவிட்டால், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஆஸ்பத்திரி முழுக்க அப்படித்தான் பேச்சு. பேச்சைக் கிளப்பிவிட்டவரே அவர்தான் என்றும் ஒரு பேச்சு.

அதே அறையில் புதிதாகச் சேர்ந்த டாக்டர், அவர் மனைவியின் தங்கை. வந்த மாதமே பழைய ஸ்லைடுகளில் நூறை எடுத்து எண்ணினாள். மாத்திரையோ பித்தநீரோ அரித்த இரைப்பை எத்தனை? அத்தான் எழுதியிருந்தது இரண்டு. அவள் கணக்கில் பதினாலு. சொன்னதற்கு அவர் சிரித்துவிட்டார்.

அதில் அறுபத்தொன்றாவது, அத்தானின் சொந்த வயிறு. ஆறு மாதம் முன்பு தானே பார்த்து, 'சாதாரண அழற்சி' என்று தானே கையெழுத்தும் போட்டுக்கொண்டிருந்தார் மனிதர். முட்டி வலி மாத்திரை இன்றுவரை நிற்கவில்லை. இப்போது முகம் வெளுத்து, படியேறினால் மூச்சு வாங்குகிறது. உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று அவளுக்குப் பயம். சொன்னால் கேட்கிற ஆளா?

அந்த ஸ்லைடின் எண்ணின் மேல் காகிதத் துண்டை ஒட்டி அவர்முன் வைத்தாள்.

"நம்பரை ஏன் மறைச்சிருக்க?"

"எண்ணும்போது அதுதான் முறை, அத்தான்."

"எனக்கே பரீட்சையா? உங்கக்கா சொல்லிக் குடுத்தாளா?"

"ஃபெயிலானா அவகிட்டதான் சொல்லப்போறேன்."

அவர் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். திருகிக்கொண்டிருந்த விரல் சட்டென நின்றது. கண்டுபிடித்துவிட்டாரோ?

"இதுல என்ன சந்தேகம்? இரைப்பைச் சுவர்க் குழியெல்லாம் திருகாணி மாதிரி முறுக்கிக் கிடக்கு. மருந்து அரிச்ச வயிறு."

"என்ன செய்யணும்?"

"மாத்திரையை இன்னிக்கே நிறுத்தணும். ரத்தம் டெஸ்ட் பண்ணணும். எந்த மடையன் இதைச் சும்மா விட்டான்?"

அவள் காகிதத்தை உரித்தாள்.

எண்ணைப் பார்த்தார். பதிவேட்டைப் புரட்டினார். கை கோட்டுப் பைக்குள் போய், நாலு மாத்திரை மிச்சமிருந்த பட்டையை எடுத்து மேசையில் வைத்தது.

"உங்கக்காகிட்ட..."

"நீங்களே சொல்லுங்க. முதல்ல கீழ போய் ரத்தம் குடுங்க."

கதவுவரை போனவர் திரும்பினார். "நான் விட்ட பன்னெண்டுல, என்னைத் தவிர மிச்சம் பதினொரு பேரு?"

"ஃபோன் நம்பர் எடுத்து வச்சிருக்கேன்."

"கூப்பிடு. எழுதினவன் தப்பா எழுதிட்டான்னு சொல்லு."

வழக்கம்போல மாடிப்படிப் பக்கம் நடந்தார்.

"லிஃப்ட்ல போங்க, அத்தான்."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் மனைவி வீட்டார் பேச்சுக்கு அவர் எதிர்ப்பேச்சு பேசாமல் இருந்தது அன்றுதான். லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.