ஒரு மணி நாற்பது நிமிடம்

அண்ணியின் புகாரோடு வைக்க வேண்டிய பட்டியலைத் தயாரித்தது நான்தான். அறுபத்தொரு வரிகள். ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், எழுதியவரின் கணக்குப் பெயர், எழுதியது என்ன, எந்த வகை என்று ஐந்து கட்டங்கள். உண்மையில் அறுபத்திரண்டு வரிகள் இருந்திருக்க வேண்டும். முதல் வரியை நான் எடுத்துவிட்டேன்.

இதை எங்கிருந்து தொடங்குவது என்று மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். வீடியோவிலிருந்து தொடங்குவதே சரி என்று படுகிறது.

அண்ணி பிள்ளை வளர்ப்பு பற்றி வீடியோ போடுகிறவள். பாப்பா பிறந்த மூன்றாம் மாதம், கண் சிவந்து, தலை கலைந்து, ஃபோனைப் பார்த்து "நான் மட்டும்தான் இப்படியா, இல்ல எல்லாரும் இப்படித்தானா?" என்று கேட்டு அதை அப்படியே போட்டாள். ஆயிரக்கணக்கான பெண்கள் "நாங்களும் இப்படித்தான்" என்றார்கள். அதன் பிறகு வாரம் இரண்டு வீடியோ. ஃபோனைப் பிடிப்பது நான். என் கை நடுங்காது. பகலில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ரத்தம் எடுத்த நேரத்தைக் குழாயில் எழுதி ஒட்ட வேண்டும். நேரம் இல்லாத குழாய் குப்பைக்குப் போகும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டதால் அண்ணன் எனக்கு மணிக்கூண்டு என்று பெயர் வைத்திருக்கிறான். "மணிக்கூண்டு, பால் எப்ப பொங்கிச்சு?" என்பான். "ஏழு பன்னிரண்டு" என்பேன். வீடே சிரிக்கும்.

பாப்பாவுக்கு ஒன்றரை வயதானபோது ஒரு சனிக்கிழமை நான்கு மணிக்கு எனக்குத் தேர்வு. சட்ட உதவியாளர் படிப்பு, மாலை வகுப்பு. கிளம்பத் தயாராக இருந்தேன்.

"ஒரு பத்து நிமிஷம்தான். பாப்பா தூங்குற நேரம். எடுத்துக் குடுத்துட்டு ஓடிடு" என்றாள் அண்ணி.

"ஊரு உலகத்துக்கு பத்து நிமிஷம்னா பத்து நிமிஷம் அண்ணி. உங்க பொண்ணுக்கு?"

"வாய வைக்காத. ஃபோனப் பிடி."

இரண்டு ஐந்துக்குத் தொடங்கினோம். பாப்பா கண்ணைக் கசக்கினாள், கொட்டாவி விட்டாள். இதோ தூங்கிவிடுவாள் என்றிருந்தபோது எழுந்து நின்று கை தட்டினாள். கட்டிலின் கம்பியைக் கடித்தாள். ஒரு காலுறையைக் கழற்றி என் மேல் எறிந்தாள். அண்ணி பாடினாள், தட்டினாள், திரைச்சீலையை மூடினாள், திறந்தாள். மூன்று நாற்பத்தைந்துக்குப் பாப்பா தூங்கினாள். நான் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது நான்கு முப்பத்தைந்து. கதவு சாத்தியிருந்தது. தேர்வு முடியும்வரை வாசலிலேயே காத்திருந்து கேட்டேன். மறுதேர்வு ஆறு மாதம் கழித்துத்தான் என்றார்கள்.

திரும்பி வரும் பேருந்திலேயே வீடியோவைப் பார்த்தேன். முதல் இரண்டு நிமிடத்தையும் கடைசி மூன்று நிமிடத்தையும் ஒட்டி, "பத்தே நிமிடத்தில் தூக்கம்" என்று போட்டிருந்தாள். கீழே ஒரு பெண் எழுதியிருந்தாள்: "என் மகன் ஒன்றரை மணி நேரம் அழுகிறான். நான்தான் சரியில்லை போல."

அந்தப் பெண்ணுக்காக எழுதினேனா, என் தேர்வுக்காக எழுதினேனா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். "மாலை 6.50. எழுதினேன்" என்று மட்டும் இருக்கிறது. என்னிடம் பூப்படம் போட்ட, பெயரில்லாத ஒரு கணக்கு உண்டு. அதிலிருந்து மூன்று குறிப்புகள் எழுதினேன். ஒன்று: முதல் காட்சியில் ஜன்னல் வெளிச்சம் கட்டில் காலருகே இருக்கிறது. இரண்டு: கடைசிக் காட்சியில் அது கதவருகே இருக்கிறது. மூன்று: ஆகவே இந்தக் குழந்தை தூங்க ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகியிருக்கிறது, பத்து நிமிடம் அல்ல.

ஒரு கெட்ட வார்த்தை இல்லை. எழுத்துப் பிழைகூட இல்லை.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அதை இரண்டாயிரம் பேர் ஆமோதித்திருந்தார்கள். மறுநாள் அண்ணிக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது. ஒண்ணு நாப்பது. "வந்துட்டா ஒண்ணு நாப்பது." "ஒண்ணு நாப்பது, உன் புருஷன் உன்கூட எத்தன நிமிஷம் இருப்பான்?" "புள்ளைய வித்துப் பொழைக்கிற ஒண்ணு நாப்பதே." நான் பயந்துபோய் என் பதிவை அழித்தேன். அது மட்டும் அழிந்தது. மற்றவை எல்லாம் தனித்தனியாக முளைத்து நின்றன. அண்ணி மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போட்டாள். அதற்கு வசவு இன்னும் அதிகமாக விழுந்தது. பத்தாம் நாள் ஒருவன் எழுதினான்: "சாயங்காலம் நீ பார்க்குக்கு எந்த வழியா வருவேன்னு தெரியும். பாப்பாவத் தூக்கிட்டுப் போறோம். ஒண்ணு நாப்பதுல திருப்பித் தர்றோம்." அவனுக்குத் துணையாக இன்னும் மூன்று பேர். ஒருவன் எங்கள் தெருமுனைக் கடையின் படத்தையே போட்டிருந்தான்.

அன்றிலிருந்து பாப்பா வெளியே போகவில்லை. மாலை ஐந்து மணியானால் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் கதவைத் தட்டுவாள். அண்ணி அவளைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போவாள்.

இந்தச் சமயத்தில்தான் வகுப்பில் அந்த விவாதம் வந்தது. பாடம் நடத்தும் வக்கீல் அம்மா கரும்பலகையில் எழுதினார்: பிள்ளை வளர்ப்பு வீடியோ போடுகிறவர்களை இணையத்தில் வசைபாடுவது குற்றமாக வேண்டுமா?

"நடுத் தெருவுல கடை விரிச்சா நாலு பேர் நாலு விதமாத்தான் பேசுவாங்க. பிடிக்கலன்னா கடையக் கட்டணும்" என்றார் என் பக்கத்தில் உட்காரும் பேருந்து நடத்துநர்.

"உங்க பஸ்ஸுல ஒருத்தன் உங்கள அடிச்சா, பிடிக்கலன்னா பஸ்ஸ விட்டு எறங்குங்கன்னு சொல்லலாமாண்ணே?" என்றாள் பின்வரிசை நர்ஸ்.

"அடிக்கிறது வேற, திட்டுறது வேறம்மா. ஒரு நாளைக்கு நூறு பேர் என்னத் திட்டுறான். எல்லாரையும் உள்ள தள்ளினா யாருக்கு நான் டிக்கெட் குடுக்குறது?"

வகுப்பு சிரித்தது. வக்கீல் அம்மா என்னைப் பார்த்தார். "நீ எப்பவும் குறிச்சு வச்சிருப்பியே. சொல்லு."

எழுந்து நின்றேன். மூன்று வகை என்றேன். வெறும் கேலிக்குப் பென்சில், அவதூறுக்கு நீலம், மிரட்டலுக்குச் சிவப்பு. சிவப்பு கட்டாயம் குற்றம், நீலம் பார்க்க வேண்டும், பென்சில் குற்றமாகாது.

"நல்லா பிரிச்சிருக்க. சரி, முதல்ல ஆரம்பிச்சு வச்சவன் எந்த வகை?"

"அவங்க உண்மையச் சொல்லியிருந்தா?"

"உண்மைன்னா குற்றமில்ல. உக்காரு."

உட்கார்ந்தேன். நல்ல தீர்ப்பு வந்ததுபோல் இருந்திருக்க வேண்டும். இல்லை.

புகார் எழுதித் தரச் சொல்லி அண்ணி என்னைத்தான் கேட்டாள். "வீட்டுலயே வக்கீல் இருக்கும்போது வெளிய எதுக்கு?" என்றாள், பல நாள் கழித்துச் சிரித்தபடி. நான்கு மாலை உட்கார்ந்து பட்டியல் போட்டேன். பென்சில் முப்பத்தொன்பது, நீலம் பதினெட்டு, சிவப்பு நான்கு. முதல் வரியில் பூப்படக் கணக்கை எழுதி, ஐந்தாவது கட்டத்துக்கு எந்த நிறம் என்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த வரியை எடுத்துவிட்டு எண்களை மாற்றினேன். அழித்துவிட்ட பதிவுதானே, குற்றமும் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இணையக் குற்றப் பிரிவில் ஒரு பெண் அதிகாரி. மேசை முழுவதும் கோப்புகள், நடுவில் ஒரு கண்ணாடி டம்ளரில் பேனாக்கள். பட்டியலைப் பக்கம் பக்கமாகப் படித்தார்.

"யாரு போட்டது இது? எங்க ஆளுங்ககூட இவ்வளவு சுத்தமாப் போட மாட்டாங்க."

"என் நாத்தனார் மேடம்" என்றாள் அண்ணி பெருமையாக.

"ஆனா தலையில்லா முண்டமா இருக்கே. எல்லாரும் ஒண்ணு நாப்பது, ஒண்ணு நாப்பதுங்குறாங்க. அது என்ன? எங்கேர்ந்து வந்துச்சு?"

நான் அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரோ முதல்ல எழுதினாங்க மேடம். அப்புறம் அழிச்சிட்டாங்க. அது வசவு இல்ல. உள்ளதத்தான் எழுதியிருந்தாங்க" என்றாள் அண்ணி.

"வசவோ வாழ்த்தோ, எனக்கு அது வேணும். இந்த நாலு மட்டும்தான் நான் எடுக்க முடியும். மிச்சமெல்லாம் வாய்க்கொழுப்பு. அதுக்குச் சட்டம் வந்தா எங்க வீட்டுலயே பாதிப் பேர் உள்ள இருப்பாங்க." அவர் சிரிக்கவில்லை. "இந்த நாலும்கூட, 'ஒண்ணு நாப்பதுல திருப்பித் தர்றோம்'னு தனியாப் பார்த்தா ஏதோ ரயில் நேரம் சொன்ன மாதிரி இருக்கு, எந்தப் பாப்பான்னும் பேரு இல்ல. அது உங்க குழந்தையக் குறிச்சு வந்த வார்த்தைன்னு காட்டணும்னா ஆரம்பம் வேணும். எழுதினவங்க யாருன்னு கண்டுபிடிச்சு ஒரு வாக்குமூலம் வாங்கிட்டு வாங்க. இல்லாட்டி நிக்காது."

வெளியே வந்தோம். பேருந்து நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. அண்ணி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தாள். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து, முதல் வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு முறை திருத்தினேன்.

"அண்ணி, அந்தப் பூப்படக் கணக்கு..."

"தெரியும்."

ஒரு பேருந்து வந்து நின்று போனது. எங்களுடையது அல்ல.

"வெளிச்சத்தப் பார்த்து யார் வேணா ஒரு மணி நேரம்னு சொல்லலாம், ரெண்டு மணி நேரம்னு சொல்லலாம். ஒண்ணு நாப்பதுன்னு எழுத உலகத்துல ஒருத்தியாலதான் முடியும். ஃபோன வச்சுட்டு நீ கடிகாரத்தப் பார்த்துக் குறிச்சத நான் பார்த்தேன்."

"அன்னைக்கே தெரியுமா?"

"அன்னைக்கே. இன்னைக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு இருந்தேன். பட்டியல்லயாவது நீ போட்டிருப்பேன்னு நெனச்சேன். முதல் பக்கத்தத் திறந்ததும் அதத்தான் தேடினேன்." அவள் குரல் உயரவே இல்லை. "பரீட்சை போச்சுன்னு எங்கிட்டச் சொல்லவே இல்லையே நீ. பரீட்சைன்னே எனக்குத் தெரியாது. சும்மா வகுப்புன்னு நெனச்சேன்."

"நீங்க கேக்கல."

"ஆமா. கேக்கல." கைப்பையின் வாரைச் சரிசெய்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த, 'இது பொய் அண்ணி'ன்னு சொல்லியிருந்தா எடுத்திருப்பேன். ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆச்சு, என் பொண்ணு படுத்துறான்னே போட்டிருப்பேன். அதத்தானே மொத நாள்லேர்ந்து போட்டுட்டு இருந்தேன்."

எங்கள் பேருந்து வந்தது. ஏறினோம்.

அன்று மாலையே பட்டியலைத் திருத்தினேன். முதல் வரியில் தேதி, மாலை 6.50, கணக்குப் பெயர், அடைப்புக்குறிக்குள் என் சொந்தப் பெயர், மூன்று குறிப்புகள். ஐந்தாவது கட்டத்தை வெறுமையாக விட்டேன். கூடவே வாக்குமூலம். அண்ணன் அதைப் படித்தான். அவன் என்னைத் திட்டியிருக்கலாம். காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் என்னை மணிக்கூண்டு என்று கூப்பிடுவதில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான்.

அதிகாரி வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்க மேல ஒண்ணும் இல்ல. கையெழுத்துப் போடுங்க" என்றார். போட்டேன். நால்வரில் இருவரைப் பிடித்தார்கள். பாப்பாவைத் தூக்கப்போவதாக எழுதியவன், அடுத்த தெருவில் இரண்டு பிள்ளைகளோடு இருப்பவன். விளையாட்டுக்கு எழுதினேன் என்றானாம். வழக்கு நடக்கிறது. பாப்பா மறுபடி பூங்காவுக்குப் போகிறாள், அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு.

மறுதேர்வு எழுதித் தேறிவிட்டேன். அண்ணி இனிப்பு வாங்கி வந்து கொடுத்தாள். என்னிடம் எப்போதும்போல்தான் பேசுகிறாள். சாப்பிட்டாயா என்கிறாள், குடை எடுத்துப் போ என்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி வீடியோ எடுத்தாள். நான் வீட்டில்தான் இருந்தேன். வழக்கமாக நிற்கும் இடத்துக்குப் போகலாம் என்று எழுந்தேன். கட்டிலுக்கு எதிரே, நான் நிற்கும் அதே இடத்தில், மூன்று கால் ஸ்டாண்டு ஒன்று இருந்தது. புதிது. ஒட்டியிருந்த விலைச்சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

"நீ படி. இது பிடிச்சுக்கும்" என்றாள் அண்ணி.

கதவைச் சாத்திவிட்டு என் அறைக்கு வந்தேன். சுவருக்கு அப்பால் பாப்பா கை தட்டுவது கேட்டது, அண்ணி பாடுவது கேட்டது. நாட்குறிப்பைத் திறந்து தேதியை எழுதினேன். கடிகாரம் எதிரே இருந்தது. நேரத்தை எழுதவில்லை.