மாமனாரின் குறைகள்

அந்தப் பழைய படகு மோட்டாருக்கு வீட்டில் மாமனார் என்று பெயர். வைத்தவர் அப்பா. கல்யாணமானபோது அம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து அதுவும் கூடவே வந்ததாம். "காலையில எழுப்பினா இருமல். கொஞ்சம் மரியாதை குறைஞ்சா முறைப்பு. வேற என்னன்னு கூப்பிடறது?" என்பார். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பாள். ஒருநாள் அவசரத்தில் பிரஷ் மாறிப்போய், அப்பா பொழுது முழுக்கப் பெட்ரோல் மணக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

இருவரும் போன பிறகு படகு பிள்ளைகளுக்கு வந்தது. அக்கரைக் கடைகளுக்கு மூட்டை ஏற்றிப் போவது தம்பி. மோட்டாரைப் பார்த்துக்கொள்வது அக்கா. கொல்லையில் தண்ணீர் நிரப்பிய டிரம்மின் விளிம்பில் அதை மாட்டி ஓடவிட்டு, மோட்டாரின் பக்கவாட்டிலிருந்து பீச்சும் நீரில் விரலை வைத்துச் சூடு பார்ப்பாள். அம்மா பார்த்த மாதிரியே.

போன வாரம் தம்பி புது மோட்டார் வாங்கிவிட்டான். பொத்தானைத் தொட்டால் போதும், ஓடும். படகின் பின்பலகையில் ஒரு மோட்டாருக்குத்தான் இடம்.

"யாராவது கேட்டா குடுத்துடலாம்க்கா."

"கேக்கட்டும்," என்றாள். வருகிறவரை எப்படி விரட்டுவது என்று அன்றிரவே ஒத்திகை பார்த்துவிட்டாள். குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்வது. அதற்கும் மசியாவிட்டால், கடைசியாக ஒரு பொய்: உள்ளே விரிசல் விட்டிருக்கிறது.

வந்தவர் வலை போடுகிறவர், தலை நரைத்தவர். அவள் நாற்காலிகூடப் போடவில்லை.

"முன்னாடியே சொல்லிடறேண்ணே. கயித்தை இழுத்தா முதல் இழுப்புல வராது."

"மூணாவதுல வரும்," என்றார் வலைக்காரர்.

"சோக்கை முழுசா இழுத்தா மூச்சு முட்டி நின்னுடும்."

"பாதியில விரலைக் குடுத்துப் பிடிச்சுக்கணும்."

தம்பி அவள் பக்கம் குனிந்தான். "விக்கிறியா, விரட்டுறியா?"

"நீ சும்மா இருடா. சூட்டுல நின்னுடுச்சுன்னா அவ்வளவுதாண்ணே. நடுத் தண்ணியில தேமேன்னு உக்காந்திருக்கணும்."

"ஒரு பாட்டு பாடி முடிக்கிற நேரம் விடணும்மா. அப்புறம் தானா கிளம்பும்."

"பாட்டுக்கெல்லாம் கிளம்புமா?" என்றான் தம்பி.

"என் குரலைக் கேட்டா எதுவும் ஓடித்தானே ஆகணும்!"

தம்பி வாய்விட்டுச் சிரித்தான். அக்காவுக்கு எரிச்சலாக வந்தது. ஒத்திகையில் இப்படியெல்லாம் நடக்கவில்லை. குறை சொல்லச் சொல்ல மனிதரின் முகம் மலர்ந்துகொண்டே போகிறதே!

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கிட்டயும் இதே ஜாதி ஒண்ணு இருந்துச்சும்மா. வெள்ளத்துல படகோட போயிடுச்சு. அப்புறம் புதுசு ஒண்ணு மாட்டினேன். குத்தம் சொல்ல முடியாது, நல்லாத்தான் ஓடுது. ஆனா ஒரு வார்த்தை பேச மாட்டேங்குது."

பேசிக்கொண்டே அவர் கீழே கிடந்த ஈர்க்குச்சியை எடுத்து, நீர் பீச்சும் துளையில் மெல்ல விட்டு அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தார். யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. விலையும் இன்னும் பேசவில்லை.

விரிசல் என்ற சொல் அவள் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் எழுந்து போய்விடுவார். மாமனார் இங்கேயே இருக்கும். ஆனால் டிரம்மைத் தவிர வேறு தண்ணீரைப் பார்க்காது. வாரம் ஒருமுறை நின்ற இடத்திலேயே ஓடி, நின்ற இடத்திலேயே அணையும்.

"வேற ஏதாவது இருக்காம்மா?"

தம்பி அவளைப் பார்த்தான்.

"இருக்கு," என்றாள். "மழையில நல்லா ஓடும்."

வலைக்காரர் குச்சியோடு நிமிர்ந்தார். "மழையிலயா? என்னுது சிணுங்குமேம்மா. ஒரு தூறல் விழுந்தாப் போதும்."

"உங்களுது சிணுங்கும். இது சிணுங்காது. எங்கம்மா கொட்டுற மழையில இதுலதான் எங்களை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. மழை வந்தா கரையில ஒதுங்காதீங்க. தைரியமா எடுத்துட்டுப் போங்க."

அவர் முகத்தைப் பார்த்தபடி, மோட்டாரை டிரம்மின் விளிம்போடு இறுக்கியிருந்த திருகைத் தளர்த்தத் தொடங்கினாள்.