புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

நரேந்திரனுக்கு ஒரு பைத்தியம் போனால் இன்னொரு பைத்தியம் வந்துவிடும். மலேசியாவின் ஈப்போவில் இருந்தபோது பழைய கேமரா. நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்த புதிதில் சுவர்க்கடிகாரம். மவுண்ட் ஆல்பர்ட்டில் வாங்கிய மரவீட்டில் அறைக்கு ஒன்றாக மாட்டினார். அவை ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றிய நேரத்துக்கு மணியடித்து மனைவி விக்னேஸ்வரியின் உயிரை வாங்கின. அதுவும் தெளிந்து, தொண்ணூற்று ஐந்தில் பிடித்ததுதான் பட்டாளம் கழித்துவிட்ட பழைய ரைபிள் சேர்க்கிற பைத்தியம். சுடுகிற ஆசை மருந்துக்கும் கிடையாது. வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால்கூட "விக்கி, இங்க வா"தான்.

பற்றவைத்தவர் சபாரத்தினம். நரேந்திரன் வேலை பார்த்த அதே கட்டடத்தில், இரண்டு மாடி மேலே இருந்த யாழ்ப்பாணத்துக்காரர், ஏறக்குறைய ஒரே வயது. இருவரும் நகரத்துக்கு ஒரே பஸ்ஸில் போய் வருவார்கள். அவருக்கு எப்படி இந்த ஆசை வந்தது என்று நரேந்திரன் ஒருநாள் கேட்டார்.

"ஊரில துவக்கைக் கண்டா வேலி பாய்ஞ்சு ஓடினனான்," என்றார் சபாரத்தினம். "இஞ்ச அது என்ர அலுமாரிக்குள்ள பூட்டுப்பட்டுக் கிடக்குது. திறப்பு என்ர சட்டைப் பையில. அதை நினைச்சா எனக்கு நல்லா நித்திரை வருது."

புதிதாகச் சேர்க்கிறவர்களுக்கு அவர் சொல்லும் புத்திமதி பஸ்ஸில் பாதித் தூரத்துக்கு ஓடும். "லைசென்ஸ் எடுக்க முதல் துவக்கைப் பாக்கவே போகாதேங்கோ. பாத்தா ஆசை வந்திடும். போல்ட்டில இருக்கிற நம்பரும் உடம்பில இருக்கிற நம்பரும் ஒண்டோ எண்டு பாருங்கோ. வாங்கினாப் பிறகு போல்ட்டைக் கழட்டி வேற இடத்தில பூட்டி வையுங்கோ, அது இல்லாமச் சுட ஏலாது. எல்லாத்துக்கும் மேல, பழைய சாமானை மினுக்காதேங்கோ! அந்தக் கறுப்புத்தான் அதின்ர வயசு. அதை உரஞ்சி எடுத்தியள் எண்டா பிறகு அது வெறும் இரும்பும் தடியும்தான்."

நரேந்திரன் இதைத் தலைகீழாகச் சொல்லுமளவுக்கு மனப்பாடம் செய்தார். சுவரோடு சேர்த்து முடுக்கிய இரும்பு அலமாரி வந்தது. அதைப் பார்க்கப் போலீஸ்காரர் வந்தார். சட்டப்படி விக்னேஸ்வரியைத் தனியாக அடுக்களையில் உட்காரவைத்து, வீட்டுக்காரர் துப்பாக்கி வைத்துக்கொள்வதில் உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். "கடிகாரத்தை விடச் சத்தம் கம்மிதானே, வச்சிக்கட்டும்," என்று சொல்லி அவள் டீ போட்டுக் கொடுத்தாள். லைசென்ஸ் வந்தது. அலமாரிதான் காலியாக இருந்தது.

மறு ஏப்ரலில், பழைய துப்பாக்கி சேர்க்கிற கிளப்காரர்கள் தங்கள் சாமான்களைக் காட்சிக்குப் பரப்பிவைத்த ஒரு நாளில், ஜோய்ஸ் என்ற முதிய அம்மா ஒரு நீளப் பொதியோடு வந்தார். போன வருஷம் காலமான கணவர் ஆர்தருடைய ரைபிள். தன்னிடம் லைசென்ஸ் இல்லாததால் வீட்டில் வைத்திருக்க முடியாது என்று யாரிடமாவது ஒப்படைக்க வந்திருந்தார். ஆளுக்கு ஆள் சூழ்ந்துகொண்டார்கள். எந்த வருஷத்து மாடல், நம்பர் பொருந்துகிறதா, என்ன விலை என்று ஒரே இரைச்சல். நரேந்திரன் விக்னேஸ்வரியோடு பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். அந்த அம்மாவின் முகம் வாடிக்கொண்டே போவதைக் கண்டதும் மனசு கேட்கவில்லை. "உங்கள் கணவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டார்.

அதுவரை யாரும் கேட்காத அந்தக் கேள்விக்கு ஜோய்ஸ் அவர் பக்கம் திரும்பினார். பிறகு பொதியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"காசு வேண்டாம். இப்போதைக்கு எடுத்துப்போங்கள். குளிர் போனதும் உங்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பேன். நல்லபடியாக இருந்தால் உங்களுக்கே. இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன்."

நரேந்திரன் பொதியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இந்த ஊரில் வாடகை வீடு கேட்டுப் போனால்கூட மேலும் கீழும் பார்ப்பார்கள். முன்பின் தெரியாத தன்னை நம்பி, புருஷன் வைத்திருந்த பொருளைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறாரே இந்த அம்மா! வீடு வந்து சேரும்வரை அதையே திரும்பத் திரும்ப விக்னேஸ்வரியிடம் சொன்னார். அதற்கப்புறமும் மாசக்கணக்கில் சொன்னார். ரைபிள் கட்டையின் அடியில் கறுத்துக் கிடந்த பித்தளைத் தகட்டையும், பக்கவாட்டில் பதித்திருந்த வட்டத் தகட்டையும் விரலால்கூடத் தொடவில்லை. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும், விக்னேஸ்வரி அடுக்களையில் டீ போடுகிற நேரத்தில், அந்தக் கறுப்பின் பெருமையை விளக்கினார், ஆபீஸில் சொன்னார், முடிவெட்டுகிறவரிடம்கூடச் சொன்னார். ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொல்லவில்லை. கூடவே இருக்கிறவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று விட்டுவிட்டார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஜோய்ஸை அன்றைக்கே மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். நரேந்திரன் காலையிலேயே ரைபிளை வெளியே எடுத்தார். போல்ட் தனிப்பெட்டியில் பூட்டியபடியே இருக்க, மற்றதைச் சாமி படத்துக்கு முன்னால் வெள்ளைத் துணியில் கிடத்தினார். பக்கத்தில் ஸ்பேனர், தையல் மெஷின், கத்தரிக்கோல்.

"பசியாறிட்டுப் போங்களேன்," என்றாள் விக்னேஸ்வரி.

"வந்து பசியாறிக்கிறேன். நீ இங்கயே இரு, யாரும் தொடாமப் பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு ஏவன்டேல் சந்தைக்குப் பூவும் பூசணிக்காயும் வாங்கப் போனார். வழியில் சபாரத்தினத்தையும் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஹாலில் ஏதோ பளிச்சென்று அடித்தது. குத்துவிளக்குதான் என்று நினைத்தார். கிட்டே போனார். கையிலிருந்த பூசணிக்காய் கீழே விழுந்து உருண்டது.

பித்தளைத் தகடு இரண்டும் புதுத் தங்கம்போல் மின்னின. அவற்றின்மேல் சந்தனமும் குங்குமமும் வேறு.

"ஐயோ! என்ன வேலையப்பா இது!" என்று சபாரத்தினம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

விக்னேஸ்வரி அடுக்களையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். "எப்படி இருக்கு? விளக்குக்குப் புளி ஊறப்போட்டேன், அப்படியே இதையும் ஒரு தேய் தேய்ச்சேன். கடைசியா விபூதி போட்டுத் துடைச்சதும் என்னா ஒரு பளபளப்பு!"

"உனக்கு அறிவு இருக்கா?" நரேந்திரன் வீடே அதிரும்படி கத்தினார். "உன்னை யாரு தேய்க்கச் சொன்னா? அந்தம்மா இப்ப வந்துடுவாங்களே! எல்லாம் போச்சு! எல்லாத்தையும் கெடுத்து வச்சிட்டே!"

விக்னேஸ்வரியின் சிரிப்பு அப்படியே நின்றது. "யாரும் தொடாமன்னு சொன்னீங்க. நானுமா யாரோ? அந்தம்மா நம்பிக் குடுத்த சாமான். அவங்க வர்ற நேரத்துல அழுக்கா கிடந்தா, நாம வச்சிருக்கிற லட்சணம் இதுதானான்னு நெனப்பாங்களேன்னு செஞ்சேன்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நரேந்திரனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை, பயம்தான் கூடிற்று. சபாரத்தினம் மெல்ல அருகில் வந்தார். "கறுப்புச் சப்பாத்துப் பொலிஷ் இருக்கோ? கொஞ்சம் பூசித் துடைச்சா அம்மாவுக்குத் தெரியாது. பேந்து ஆறுதலா யோசிப்பம்."

பாலிஷ் டப்பா வந்தது. நரேந்திரன் மூடியைத் திறந்து துணியைத் தோய்த்துவிட்டு, ரைபிளை மடியில் வைத்தார். தகட்டில் அவர் முகமே தெரிந்தது, திருட்டு முழி முழித்துக்கொண்டு.

"வேணாங்க," என்றாள் விக்னேஸ்வரி. "நான்தான் தேய்ச்சேன்னு நானே சொல்லிடறேன். எடுத்துட்டுப் போனாப் போகட்டும். நம்பிக் குடுத்தவங்களை ஏமாத்தினா நமக்கு ஒட்டாது."

அவர் டப்பாவை மூடினார். வெளியே கார் நின்ற சத்தம் கேட்டது.

ஜோய்ஸ் தோட்டத்து ரோஜாக்களோடு உள்ளே வந்தார். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவர் பார்வை வெள்ளைத் துணிக்குப் போய்விட்டது. நரேந்திரன் குறுக்கே வந்து நின்றார்.

"மன்னிக்கணும். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பித்தளையைத் தேய்த்துவிட்டோம். தேய்க்கக் கூடாது என்று என் மனைவிக்குத் தெரியாது. அவளிடம் சொல்லாதது என் தப்பு. பழையபடி ஆக்க முடியாது. நீங்கள் வேறு ஆளுக்குக் கொடுப்பதாக இருந்தால்..."

ஜோய்ஸ் ரோஜாக்களைக் கீழே வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையிலேயே உட்கார்ந்தார். தகட்டின் மேல் விரலை வைத்தார். வட்டத் தகட்டில் பொறித்திருந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தார்.

"முன்பெல்லாம் இது இப்படித்தான் இருக்கும்," என்றார் ஜோய்ஸ். "ஒவ்வொரு வருஷமும், போர்வீரர்களை நினைக்கிற ஆன்சாக் நாளுக்கு முந்தின சாயங்காலம், போரில் போன நண்பர்களுக்காக ஆர்தர் இதைத் தேய்ப்பார். அடுக்களை மேசையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு மணிக்கணக்கில் தேய்ப்பார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேசை வேண்டும், இந்த நாற்றத்தை வெளியே கொண்டுபோ என்று நான் திட்டுவேன். அப்புறம் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. தேய்ப்பதை விட்டுவிட்டார். நான் செய்து கொடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பார்க்க வந்த ஆண்கள் எல்லோரும் அந்தக் கறுப்பைத் தொடாதே, அதுதான் மதிப்பு என்றார்கள். எனக்கோ அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருடைய கை நடுங்குவதுதான் ஞாபகம் வரும்."

சபாரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். பஸ்ஸில் பாதித் தூரம் ஓடும் புத்திமதிக்குப் பதிலாக, கிடந்த பாலிஷ் டப்பாவை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ஜோய்ஸ் கையை நீட்ட, விக்னேஸ்வரி பிடித்துத் தூக்கிவிட்டாள். பிடித்த கையை அவர் விடவில்லை. "எதைப் போட்டுத் தேய்த்தாய் பெண்ணே?"

விக்னேஸ்வரி அடுக்களைக்கு ஓடி ஒரு புளி உருண்டையைக் கொண்டுவந்து காட்டினாள். ஜோய்ஸ் முகர்ந்தார். நுனி நாக்கில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ரைபிள் இந்த வீட்டிலேயே இருக்கட்டும்," என்றார் ஜோய்ஸ். "ஒன்றே ஒன்றுதான். ஆன்சாக் நாளுக்கு முந்தின சாயங்காலம் நான் வருவேன். நீ தேய்க்க வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து திட்டுவேன்."

"வாங்கம்மா," என்றாள் விக்னேஸ்வரி தமிழிலேயே. அது அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

பூஜை முடிந்து, சுண்டலும் வடையும் சாப்பிட்டு, விருந்தாளிகள் போனபின் நரேந்திரன் ரைபிளை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அப்புறம் அடுக்களைக்கு வந்து, கேட்காமலேயே பாத்திரம் கழுவ நின்றார். விக்னேஸ்வரி துடைத்து அடுக்கினாள். இந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு எல்லோரும் தேங்க்ஸ் சொல்வார்கள். நரேந்திரன் மற்றவர்களை விடச் சத்தமாகவே சொல்வார். பெண்டாட்டிக்கு இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நம்மில் யார்தான் சொல்கிறோம்!

"காலையில அப்படிக் கத்தியிருக்கக் கூடாது," என்றார், குழாயைப் பார்த்துக்கொண்டே.

"ஆமா, கூடாதுதான்."

"தேங்க்ஸ் விக்கி."

அவள் துடைத்துக்கொண்டிருந்த தட்டோடு திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னாங்க, இறங்கப் போறீங்களா?"

"இல்ல," என்றார் நரேந்திரன். "கடைசி வரைக்கும் வர்றேன்."

அவள் அடுத்த தட்டுக்குக் கையை நீட்டினாள்.