நனைஞ்ச தீப்பெட்டியின் பக்தர்கள்

அண்ணன் போன் செய்தபோது பாப்பா கண் ஆஸ்பத்திரியில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து நோயாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாப்பா என்றால் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளும் பாப்பா இல்லை. நாற்பதைத் தாண்டி, வெள்ளெழுத்துக் கண்ணாடியும் போட்டுக்கொண்டவள். வீட்டில் வைத்த செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான்.

"பாப்பா, நம்ம பழைய ஆல்பத்துக்கு ஒரு ரசிகர் மன்றமே இருக்காம். ஞாயித்துக்கிழமை கூட்டம் போடுறாங்களாம். நான் வந்து அந்த நாலாவது பாட்டைப் பாடணுமாம்."

"நீயா?"

"அதான் எனக்கும் புரியல. நான் எப்பப் பாடினேன்? ஆளை மாத்திப் பேசுறாங்க. நீயும் வா, நேர்ல சொல்லிக்கலாம்."

'ஓட்டைக் குடை' என்று ஒரு பாட்டுக் குழு இருந்ததே அதில் இருந்த மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது என்றுதான் பாப்பா நினைத்திருந்தாள். அவள் பாடினாள், அண்ணன் டிரம் தட்டினார், அண்ணனின் கூட்டாளி ஒருவன் மாண்டலின் வாசித்தான். 'நனைஞ்ச தீப்பெட்டி' என்று ஒரே ஓர் ஆல்பம். இசைத்தட்டாகத்தான் போடுவோம் என்று அடம்பிடித்துப் போட்டார்கள். அதிலும் பெரிய தட்டை வேகமாகச் சுழலவிட்டால் சத்தம் சுத்தமாக இருக்கும் என்று யாரோ சொல்ல, நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று வேகத்தில் ஓடும்படி அடித்தார்கள். அட்டையில் யார் பாடியது, யார் வாசித்தது என்று எழுதினால் ஏற்றத்தாழ்வு வந்துவிடுமாம். 'எல்லாம் எல்லோரும்' என்று ஒரே வரி போட்டுவிட்டு, என்னமோ புரட்சி செய்துவிட்ட மாதிரி திரிந்தார்கள். படத்தில் அண்ணனை நடுவில் நிற்க வைத்தார் போட்டோக்காரர். காரணம், அவருக்குத் தாடி இருந்தது. பாப்பா ஓரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆல்பம் விற்கவில்லை. மாண்டலின்காரன் வெளிநாட்டில் போய் செட்டிலாகிவிட்டான். அண்ணன் மோட்டார் பம்ப் கடை வைத்துத் தாடியை எடுத்தார், முடி தானாகவே போனது. பாப்பா பாடுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பாடச் சொல்லவும் யாரும் இல்லாததால் அது தானாக நின்றது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, நாலாவது பாட்டின் கடைசி வரியைப் பாடிப் பார்த்தாள். தூங்குமூஞ்சி அண்ணனை எழுப்புவதற்காக அவளே கட்டிய பாட்டு அது. 'எந்திரி எந்திரி, பஸ்ஸு போயிருச்சு, காபி ஆறிப்போச்சு' என்று ஓடும். கடைசியில் அத்தனை எந்திரியையும் ஒரே மூச்சில் கொட்டி முடிக்க வேண்டும். பாதியில் மூச்சு அறுந்தது. மறுநாளும் அறுந்தது. ஞாயிற்றுக்கிழமை பாடச் சொன்னால் மானம் போகும் என்று பயந்தாள். சொல்லாவிட்டால் அதைவிட மோசம் என்றும் பட்டது. இத்தனை வருஷம் கழித்து ஒருவராவது அந்தக் குரலைக் கேட்கிறேன் என்று சொல்ல மாட்டாரா என்ற ஆசை அவளைப் பிடித்து ஆட்டியது. அதை மறைப்பதற்காக, அண்ணனுக்குத் துணைக்குப் போவதாகப் புருஷனிடம் சொன்னாள்.

மன்றம் ஓர் ஆடிட்டர் வீட்டு மாடி அறையில் இருந்தது. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்க மேடுபள்ளமான ஸ்பாஞ்ச் ஒட்டி, ஜன்னல்களை அடைத்து, பிற்பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். இருபது முப்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் எல்லோருக்கும் தாடி. வளர்ந்தவர்களுக்கு வளர்ந்த தாடி, வளராதவர்களுக்கு முயற்சி. ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

"வாங்க சார்" என்று ஆடிட்டர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "இது... மேடமா?"

"என் தங்கச்சி. இவதான்..."

"தெரியும் சார். குடை பிடிச்சுட்டு நிப்பாங்களே. உக்காருங்க சிஸ்டர்."

அண்ணனுக்கு நாற்காலி போட்டார்கள். பாப்பாவுக்குக் கதவோரம் இடம் இருந்தது. பக்கத்தில் ஒரு பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். மடியில் பானை வயிறு வைத்த ஒரு தந்திக்கருவி.

"இது என்னங்க?" என்றாள்.

"ஆல்பத்துல வர்ற வாத்தியம் சிஸ்டர். எந்தக் கடையிலயும் கிடைக்கல. மாண்டலின் மாதிரி இருக்கும், ஆனா மாண்டலினுக்கு அவ்வளவு கனமான நாதம் வராது. கடைசியில ஒரு ஆசாரிகிட்ட சொல்லிச் செஞ்சுகிட்டேன்." குரலை இறக்கினார். "அந்தக் கடைசி வரி மூச்சு இருக்கே, அதுக்கும் பயிற்சி எடுத்தேன். ஒருதடவை கிளினிக்லயே மயக்கம் போட்டு, பேஷண்ட்தான் என்னை நாற்காலியில படுக்கவெச்சார்."

இதைப் பெருமையாகச் சொன்னார். பாப்பா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஆடிட்டர் எழுந்து பேசினார். பழைய புத்தகக் கடையில் இந்தத் தட்டு தன் கையில் கிடைத்ததையும், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தகுதியுள்ளவர்களுக்கு மட்டும் தான் அனுப்பியதையும் சொன்னார். தகுதி என்றால், நாலாவது பாட்டுக்கு அழ வேண்டும். அழாத தன் சொந்த மச்சானுக்கே அவர் அனுப்பவில்லையாம். "இது ஒரு பிணத்துக்குப் பக்கத்துல உக்காந்து பாடுற பாட்டு. செத்துப்போனவரை எந்திரின்னு சொல்ற பாட்டு. தட்டுக்கு நடுவுல நாப்பத்தஞ்சுன்னு எழுதியிருக்கு. சாகும்போது அவருக்கு அதான் வயசு."

கூட்டம் தலையை ஆட்டியது. பாப்பா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் திருதிருவென்று விழித்தார்.

ஊசி இறங்கியது. மாண்டலின் வந்தது, ஆனால் காய்ச்சலில் கிடப்பவன் முனகுகிற மாதிரி வந்தது. அதன் மேல் ஓர் ஆண்குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, 'எந்... திரி...' என்றது. வேறு யாருடைய தட்டையோ போட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். 'பஸ்ஸு' என்னும்போது நாக்கு லேசாக இடறியது. சின்ன வயசிலிருந்து அவளுக்கு உள்ள இடறல் அது. அப்போதுதான் உறைத்தது. நாற்பத்தைந்தில் சுழல வேண்டிய தட்டை, பெரிய தட்டு என்றால் மெதுவாகத்தான் சுழலும் என்று இந்தப் புண்ணியவான்கள் முப்பத்துமூன்றில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவளை ஆணாக்கி, அண்ணனைப் பிணமாக்கி, வருஷக்கணக்கில் அழுதிருக்கிறார்கள்.

அறையே விசும்பியது. காபி ஆறிப்போன இடத்தில் பல் டாக்டர் தேம்பித் தேம்பி அழுதார்.

பாட்டு முடிந்ததும் பாப்பா எழுந்தாள். "கோவிச்சுக்காதீங்க. நீங்க வேகத்தைக் குறைச்சு வெச்சு ஓட்டுறீங்க. அந்த நாப்பத்தஞ்சு தட்டோட வேகம். பாடுனது நான்."

ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. அவளே போய் விசையை நாற்பத்தைந்துக்குத் திருப்பி ஊசியை வைத்தாள். பாட்டு துள்ளிக்கொண்டு வந்தது. இருபது சொச்சம் வயதுப் பெண் ஒருத்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, தூங்குகிறவனின் போர்வையை இழுக்கிறாள். பாப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நன்றாகவா பாடியிருக்கிறோம் என்று வியந்துகொண்டே திரும்பினாள்.

அவர்கள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை, அதுதான் மிச்சம். "விளம்பரப் பாட்டு மாதிரி இருக்கு" என்றாள் பின்னால் ஒரு பெண். பல் டாக்டர் தன் வாத்தியத்தின் பானை வயிற்றைத் தடவிக்கொண்டு தலை குனிந்திருந்தார்.

ஆடிட்டர் ஊசியைத் தூக்கினார். "சிஸ்டர், டெக்னிக்கலா நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். ஆனா ஒரு படைப்பு தனக்கான வேகத்தைத் தானே தேடிக்கும். இது சும்மா ஏதோ சின்னப்பொண்ணு விளையாட்டா பாடினது. நாங்க கேட்டதுதான் ஆல்பம்." கூட்டத்துக்கு உயிர் திரும்பியது. "சார், நீங்க பாடுங்க சார்."

"அண்ணே, சொல்லு" என்றாள் பாப்பா.

அண்ணன் அவளைப் பார்த்தார். அத்தனை தாடிகளையும் பார்த்தார். பம்ப் கடையில் தள்ளுபடி கேட்பவர்களைத் தவிர அவரை இப்படி எதிர்பார்த்து யாரும் பார்த்ததில்லை. மனுஷன் உச்சி குளிர்ந்துபோனார்.

"இவ்வளவு ஆசைப்படுறாங்க பாப்பா" என்றார். தொண்டையைச் செருமினார். "எந்... திரி..."

சுருதி வடக்கே போனது, தாளம் தெற்கே போனது. ரிப்பேருக்கு வந்த மோட்டார்கூட இதைவிட நன்றாகப் பாடும். ஆனால் மெதுவாக இருந்தது, கட்டையாக இருந்தது, ஆம்பளைக் குரலாக இருந்தது. வேறென்ன வேண்டும்? அழுகை மறுபடி கிளம்பியது.

பாப்பாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் குரலைத் தேடி இத்தனை தூரம் வந்தது இந்தக் கூத்தைப் பார்க்கவா? கதவோரம் நின்றபடியே, தன்னுடைய வேகத்தில், முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.

"உஷ்" என்றார் பல் டாக்டர்.

அவள் நிறுத்தவில்லை.

"உஷ்ஷ், சிஸ்டர். அவர் பாடுறார்ல" என்றது கூட்டம். ஆடிட்டர் எழுந்து வந்து, ரொம்ப மரியாதையாக, கதவைத் திறந்துவிட்டார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். அவளைப் பார்க்கப் பயந்துதான் மூடியிருக்க வேண்டும்.

பாடிக்கொண்டே செருப்பை மாட்டினாள், பாடிக்கொண்டே படி இறங்கினாள். கதவு மூடிக்கொண்டது. தெருவில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். கடைசி வரி வந்தது. எந்திரி எந்திரி என்று அத்தனையையும் ஒரே மூச்சில் கொட்டினாள். எங்கேயும் அறுபடவில்லை.

ஸ்கூட்டர்காரர் கையில் துணியோடு அப்படியே நின்றார். "யாரை எழுப்புறீங்க?" என்று சிரித்தார்.

"என் அண்ணனை" என்றாள். "அவர் எந்திரிக்க மாட்டார். இன்னும் ரெண்டாவது வரியிலதான் இருப்பார்."

"நல்ல பாட்டுங்க. இன்னொருதடவை பாடுவீங்களா?"

பாப்பா அந்த மூடிய மாடி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.